பாத்தி கட்டிய மாடி

தண்ணீர் முதலில் கறையாகத்தான் வந்தது. மாடி அறையின் கூரையில், மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், காப்பி சிந்தியதைப் போல ஒரு பழுப்பு. சித்திரையில் பெய்த கோடைமழைக்கு மறுநாள் லட்சுமிகாந்தம் அதைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டு விஷயமாகிவிடும். சொல்லாதவரை அவளுக்கும் கூரைக்கும் இடையில் உள்ள விஷயம். ஆவணியில் ஒரு சாயங்காலம் கறை சொட்டாகி, அவள் தலையணையின் நடுவில் விழுந்தது.

கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். கட்டில் இருந்த இடத்தில் ஒரு வாளியை வைத்தாள். கட்டில் கால் தரையில் உரசிய சத்தம் கேட்டு, கீழிருந்து கணவர் செந்தூர்பாண்டி படியேறி வந்தார். கதவுக்கு வெளியில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார்.

"ஒழுகுதா?"

"ஒழுகுது."

"அதுக்கென்ன, கீழ வந்து படு. ஏசி வேற எனக்கு ஒருத்தனுக்குன்னு ஓடிக்கிட்டு இருக்கு."

"சரி பண்ணிரலாம்."

"பண்ணலாம், பண்ணலாம். தீவாளி முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் பட்டாசு ஏஜென்ட். சிவகாசியைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் சரக்கெடுத்து வடக்கே அனுப்புகிறவர். ஆடிப்பெருக்கு பூஜை போட்டதிலிருந்து தீபாவளி வரை அவருக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. அந்த மாதங்களில் வீட்டில் எது உடைந்தாலும், யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், தீபாவளி முடியட்டும் என்றுதான் பதில் வரும். மகள் ஆர்த்தி ஐப்பசிக்கு முன்னால் பிறந்தவள். அவளுக்குப் பெயர் வைத்ததே தீபாவளி முடிந்துதான்.

ஆர்த்தியின் அறைதான் அது. அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு லட்சுமிகாந்தம் அங்கே படுக்க ஆரம்பித்தாள். கணவரின் குறட்டையைக் காரணமாகச் சொன்னாள். எல்லோரும் உடனே நம்பினார்கள். குறட்டை உண்மையிலேயே பெரிதாக இருந்ததால் அவளும் கொஞ்ச நாள் நம்பினாள். பிறகு ஒரு மத்தியானம், கீழே யாருமே இல்லாதபோதும் தான் படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். படிக்கவில்லை. சாமி கும்பிடவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் ஒரு காக்கையும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் யாரும் எதையும் கேட்காத ஒரு இடத்தில் இருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. இத்தனை வயதுக்கு அது ஒரு பெரிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனாலும் அதை வெளியில் சொல்லும் விதம் அவளுக்குத் தெரியவில்லை. குறட்டையே போதும் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசியும் கார்த்திகையும் ஒழுகுகிற அறையில் படுக்க முடியாது. கீழே போக வேண்டும். போனால் திரும்பி வர முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு காரணத்தைச் சொல்லி ஒருமுறைதான் படியேற முடியும், அவ்வளவுதான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே அவள் அதிகம் போவதில்லை. அது அவருடைய இடம். மணல் நிரப்பிய இரும்பு டிரம்மில் மூன்று குழாய்கள் செருகியிருந்தன. சீசனில் வெளியூர் வியாபாரிகள் வந்தால் மேலே நாற்காலி போட்டு உட்கார வைத்து, அந்தக் குழாய்களில் பேன்சி வெடிகளை இறக்கிக் கொளுத்திக் காட்டுவார். மேலே போய் விரியும், நிறம் மாறும், உதிரும். வியாபாரி தலையாட்டினால் ஆர்டர். அந்தத் தெருவிலேயே உயரமான மாடி தங்களுடையது என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வெடி மேலே போகும் அதே நொடியில் குழாய் கீழே உதைக்கும். அந்த உதை அறையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். மின்விசிறி ஒரு தரம் நடுங்கும், சுண்ணாம்புத் தூள் கட்டில் விரிப்பில் விழும்.

டிரம்மைச் சுற்றித் தட்டோடுகள் விரிசல் விட்டிருந்தன. நடுவில் ஒன்று உடைந்து அமுங்கி, அங்கிருந்து நாலாபக்கமும் கோடுகள் ஓடின. ஒரு தட்டோட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அடியிலிருந்து நேற்றைய மழை கொப்பளித்தது.

இதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் ஒழுகின. இரண்டும் பட்டாசு ஏஜென்ட் வீடுகள். ஒருவர் கட்டின கொத்தனாரைத் திட்டுவார், இன்னொருவர் கம்பியைத் திட்டுவார். குழாயை யாரும் திட்டியதில்லை. சோறு போடுகிறதைத் திட்டக்கூடாது என்று நினைத்தார்களோ, உண்மையாகவே தோன்றவில்லையோ.

அவள் சொல்லிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த செந்தூர்பாண்டி நிமிராமல் கேட்டார்.

"வெடி மேலதான போகுது? கீழயா போகுது?"

"மேல போறப்ப கீழ உதைக்குதுல்ல."

"உதைச்சா வீடு விழணும்ல. வீடு கட்டுன நாள்லருந்து போடுதேன். விழுந்திருச்சா?"

"ஒழுகுது."

"எல்லா வீடும் ஒழுகத்தான் செய்யும். மோர் ஊத்து."

ஆனாலும் அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை. அச்சகம் வைத்திருக்கிற சித்தப்பா மகன் தங்கச்சாமியிடம் சொல்லி, காலண்டர் அடித்துக் கழித்த அலுமினியப் பிளேட்டுகளை வாங்கி வந்தார். ஊரில் பாதிப் பெட்டிக்கடைகளுக்கு அதுதான் கூரை. விரிசல்மேல் தாரைக் காய்ச்சி ஊற்றி, பிளேட்டுகளை வரிசையாக ஒட்டி, அவற்றின்மேல் டிரம்மைத் திரும்ப நகர்த்தி வைத்தார். வேலை முடிந்து கீழே வந்தபோது உற்சாகமாக இருந்தார். தன் கையால் வீட்டில் ஒரு காரியம் செய்து அவருக்கு நெடுநாளாகியிருந்தது. அவள் கைதுடைக்க மண்ணெண்ணெய்த் துணி கொடுத்தாள். நன்றி மாதிரி ஏதோ சொல்லவும் செய்தாள்.

அடுத்த மழையில் அறையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. பிளேட்டுக்கு அடியில் போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை.

மழை என்றால் இந்த வீட்டில் முகம் சுளிப்பார்கள். வெடிமருந்து காயாது, அட்டை நமுத்துவிடும், லோடு நிற்கும். அவள் பிறந்தது மல்லாங்கிணறில், மானாவாரிக் காட்டை நம்பிய வீட்டில். அங்கே ஒரு தூறலுக்கு அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பார். கல்யாணமான புதிதில் இங்கே மேகம் கூடினபோது அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். மாமியார் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு மழையின்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டாள். இப்போது வாளியைக் கவிழ்த்துக்கொண்டே, பெய்யாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அது யாருடைய எண்ணம் என்று யோசித்தாள். தெரியவில்லை.

புரட்டாசி பிறந்ததும் செந்தூர்பாண்டி ஆர்டர் எடுக்க விஜயவாடாப் பக்கம் போனார். அவர் பஸ் ஏறிய மறுநாள் காலை கொத்தனார் அய்யாதுரையை வரச் சொன்னாள். அய்யாதுரையும் சித்தாள் முருகேஸ்வரியும் மேலே வந்தார்கள். முருகேஸ்வரி பிளேட்டுகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

"என்னக்கா, முருகன் படத்தைப் போட்டுத் தார் ஊத்தி வச்சிருக்கீக? நான் மிதிக்கமாட்டேன்."

"அது காலண்டர் பிளேட்டு ஆத்தா. படம் இல்ல."

"மயிலு தெரியுதே. வேலும் தெரியுது. ஏண்ணே, நீ மிதி. உனக்குத்தான் புண்ணியம் அம்புட்டுச் சேந்து கெடக்கு."

அய்யாதுரை குனிந்து தட்டோட்டைத் தட்டிப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"முன்னால வேலை பாத்த கொத்தன் சரியில்லக்கா."

"நீங்கதான பாத்தீக."

அய்யாதுரை தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அப்ப சிமெண்டு சரியில்ல" என்றார்.

முருகேஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தோள் குலுங்கியது. லட்சுமிகாந்தமும் சிரித்தாள். பிறகு குழாய்களைக் காட்டினாள்.

"அண்ணே, சிமெண்டு இல்ல. இதுதான். இதை எடுத்துட்டு, ஓடு பூராவும் ஒடச்சு, புதுசாப் போடணும்."

"போடலாம். போட்டுட்டு பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். ஒரு வாரம் பத்து நாளு நின்னாத்தான் இறுகும். அண்ணாச்சி சீசன்ல விடுவாகளா? அவுக வரட்டும், ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு..."

"வீடு என் பேர்லதான் இருக்கு."

சொன்ன பிறகு அவளுக்கே வேறு யாரோ பேசியது போலிருந்தது. வீடு அவள் பேரில் இருந்தது உண்மைதான். வியாபாரத்தில் ஏதாவது ஆனால் வீடு போய்விடக்கூடாது என்று இந்த ஊரில் எல்லோரும் பெண்டாட்டி பேரில்தான் பத்திரம் பதிவார்கள். பதிவு அலுவலகத்தில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று அவளுக்கு ஞாபகம் இருந்தது சேலை மட்டும்தான். சொந்தம் என்பது நெருக்கடிக்காக எடுத்து வைத்த ஒரு பொருள். நெருக்கடி வராதவரை அதை யாரும் தொடுவதில்லை.

அய்யாதுரை அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

வேலை நடந்த நாட்களில் செந்தூர்பாண்டி போனில் பேசினார். சாப்பிட்டாயா, கடைப் பையன் லோடு ஏற்றினானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாடியைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டு, "அங்க என்ன சத்தம்?" என்றபோது, "வேலை நடக்கு" என்றாள். பக்கத்து வீட்டிலாக இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

புது ஓடு பதித்து முடிந்ததும் அய்யாதுரை சாந்தால் சின்னச் சின்ன வரப்புகள் எடுத்து மாடியைப் பாத்திகளாகப் பிரித்தார். தண்ணீர் லாரி வந்து நின்று, குழாய் போட்டு மேலே ஏற்றியது. நகராட்சித் தண்ணீர் எப்போதோ ஒரு நாள் வருகிற தெருவில் அது எல்லோருக்கும் வேடிக்கை. எதிர்வீட்டு நாகஜோதி வாசலில் நின்று சத்தம் கொடுத்தாள்.

"என்ன மதினி, பொறந்த வீட்டு ஞாபகமா? மாடில நெல்லு நடுறீகளாக்கும்?"

"நாத்துக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கேன். நீ வாரியா?"

"வாரேன். அறுப்புக்குக் கூப்பிடுங்க, மொதல்ல வாரேன்."

கடைசிப் பாத்தியும் நிரம்பிய பிறகு அவள் மட்டும் மேலே நின்றாள். மடை திறந்துவிட்டு ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீர் ஏறுவதைச் சின்ன வயதில் ஊரிலிருந்த கிணற்றுத் தோட்டங்களில் பார்த்திருக்கிறாள். இது அது இல்லை. இதில் ஒன்றும் முளைக்கப்போவதில்லை. இருந்தாலும் காலை உள்ளே வைத்துப் பார்த்தாள். கணுக்கால்கூட நனையவில்லை.

செந்தூர்பாண்டி திரும்பி வந்தபோது கூடவே ஒரிசாவிலிருந்து ஒரு வியாபாரியையும் கூட்டி வந்தார். ரயிலில் சந்தித்ததாகச் சொன்னார். பழைய ஆள், பெரிய ஆர்டர். சாயங்காலம் காப்பி குடித்ததும், "வாங்க, மேல போவோம்" என்று இந்தியில் சொல்லி, வெடிப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். லட்சுமிகாந்தம் படியடியில் நின்றாள். இப்போதாவது சொல்லலாம் என்று தோன்றியது. சொல்ல வேண்டியதை அவரே இன்னும் பத்துப் படியில் பார்த்துவிடுவார் என்றும் தோன்றியது.

மேலே சத்தமில்லை. அவள் போனாள். அவர் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார், பெட்டி கையில். எதிரில் மாடி முழுவதும் தண்ணீர். டிரம்மும் குழாய்களும் கைப்பிடிச் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒரிசாக்காரர் சந்தோஷமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாக?" என்று லட்சுமிகாந்தம் கேட்டாள்.

"அவுக ஊர்ல மழை பெஞ்சா தானாவே இப்படி நிக்குமாம். நம்ம எதுக்கு வெலை குடுத்து நிறுத்துறோம்னு கேக்குறாரு." குரலில் எதுவும் இல்லை. வெளியாள் முன்னால் அவர் எப்போதும் கோபப்பட்டதில்லை. "எப்ப செஞ்ச?"

"நீங்க போன மறுநாள் ஆரம்பிச்சது."

"சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. சொன்னா தீவாளி முடியட்டும்பீக."

அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு போனை எடுத்து, பைபாஸ் பக்கம் உள்ள காலி மனைக்கு நாற்காலியும் குழாயும் கொண்டுபோகக் கடைப் பையனிடம் சொன்னார். வியாபாரியைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

இருட்டினதும் அந்தப் பக்கம் வெடித்தது. லட்சுமிகாந்தம் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வெடிகளை அவள் சத்தமாகத்தான் அறிந்திருந்தாள், கீழே இருந்து பலகாரத் தட்டை மேலே கொடுத்தனுப்புகிறவளாக. தூரத்தில் அவை அழகாகத்தான் இருந்தன. பாத்திகளில் பச்சையும் சிவப்பும் விழுந்து கலைந்தன. ஆர்டர் கிடைத்துவிட்டது என்று சாப்பிடும்போது அவர் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மாடி விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அந்தப் புரட்டாசியில் வெயில் சித்திரையைப் போலக் காய்ந்தது. மேலே தண்ணீர் நின்றதால் மாடி அறை மட்டும் குளிர்ந்து கிடந்தது. தரையில் கால் வைத்தாலே தெரியும். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செந்தூர்பாண்டி தலையணையோடு மேலே வந்தார்.

"அடேயப்பா, ஏசி தோத்துச்சு. கெட்டிக்காரி நீ" என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலில் படுத்தார். உடனே தூங்கிப்போனார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாய் திறந்து கிடந்தது. சீசனில் இளைத்துப் போயிருந்தார். பரிதாபமாக இருந்தது. போர்வையை இழுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். யோசித்தபடியே, இந்த அறை போய்க்கொண்டிருக்கிறது என்றும் தெளிவாகத் தெரிந்தது. ஒழுகும்போது காப்பாற்ற முடிந்தது. ஒழுகாதபோது எப்படிக் காப்பாற்றுவது? மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் வந்தபோது கூடவே போன் சார்ஜரையும் கொண்டுவந்து, சுவரில் செருகினார்.

"நீங்க கீழ படுத்துக்கோங்க" என்றாள்.

"கொறட்டை விடமாட்டேன். இந்தா, ஒருச்சாச்சுப் படுக்கேன்."

"கொறட்டைக்காக இல்ல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எம்மேல எதும் கோவமா?"

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும், எடுத்துக் கொடுத்திருக்கலாம். "கோவம் ஒண்ணும் இல்ல."

"அப்ப என்ன? அந்த வியாபாரி வந்தன்னைக்குக்கூட நான் ஒரு வார்த்த பேசல."

"அதுவும் இல்ல. எனக்கு இந்த ரூம்ல தனியா இருக்கணும்."

"தனியா இருந்து என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்யமாட்டேன்."

"ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கா இம்புட்டு ஓட்டை ஒடச்சு, லாரில தண்ணி ஏத்தி..."

"ஆமா."

அவர் கூரையைப் பார்த்தார். கறை இருந்த இடத்தில் வெள்ளை அடித்திருந்தது. அதில் என்ன பார்த்தாரோ, நீண்ட நேரம் பார்த்தார். மாடியை உடைத்தபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை.

"யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்ல?"

"கொறட்டைன்னே சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அவரே விரும்பவில்லை என்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலையணையை எடுத்தார். சார்ஜரைப் பிடுங்கி ஒயரைக் கையில் சுற்றினார். கதவருகே போய், சாத்திவிட்டுப் போகவா, திறந்து போடவா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பாதி சாத்திவிட்டுப் போனார்.

அவள் கட்டிலில் படுத்தாள். விரிப்பு அவர் படுத்த இடத்தில் சூடாக இருந்தது. இத்தனை நாள் இந்த அறைக்கு அவள் யாருக்கும் தெரியாமல் வந்துபோய்க்கொண்டிருந்தாள். இனி அவள் உள்ளே இருப்பது கீழே ஒருவருக்குத் தெரியும். ஏன் இருக்கிறாள் என்பதும் பாதி தெரியும். அது பழைய தனிமை அல்ல. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கியிருக்கிறாள் என்று தோன்றியது. கொடுத்தது எது என்று இன்னும் சரியாகப் புலப்படவில்லை.

கீழே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

"காந்தம், அந்தத் தைலம் எங்க..." என்று அவர் குரல் கிளம்பி, நடுவிலேயே நின்றது. பிறகு ஒரு இழுப்பறை, இன்னொரு இழுப்பறை. ஏதோ உருண்டு விழுந்தது. அவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வது கேட்டது.

தைலம் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அவள் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கழுத்தைத் தலையணையிலிருந்து லேசாகத் தூக்கியபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். குளியலறைக் கதவு திறந்து, சிறிது நேரம் கழித்து ஒரு புட்டியின் மூடி திருகப்படும் சத்தம் வந்த பிறகுதான் தலையைச் சாய்த்தாள்.